திங்கக்கிழமை வரேன் சார்

மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எதிர்வீட்டு ஊசியம்மா ஜன்னலைச் சாத்துகிறாளா என்று பார்த்தால் போதும். நாலு மேகம் ஒன்றாகச் சேர்ந்து நின்றாலே படார் படார் என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுவிடுவாள். சாரல் உள்ளே அடிக்குமே என்று இல்லை. மழை வருவது புருஷன் கண்ணில் படக்கூடாது என்றுதான்.

ஊசியம்மா என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். புருஷன் என்றால் பெட்டிக்காரர். ஊருக்கு வெளியே இருக்கிற அட்டைப்பெட்டி கம்பெனியில், பெட்டியின் ஓரங்களைச் சேர்த்துக் கம்பிப் பின் அடிக்கிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. ஆள் உயரப் பேப்பர் உருளைகள் ஒரு பக்கமாக உள்ளே போகும். நடுவில் சூடு, நெளிவு, பசை, மடிப்பு, வெட்டு என்று என்னென்னவோ நடக்கும். கடைசியில் எல்லாம் இவரிடம் வந்து சேரும். இவருடைய மெஷின்கள் டக்டக்கென்று பின் அடித்து முடித்த பிறகுதான் அட்டைக்குப் பெட்டி என்று பெயர். சாயங்காலம் அவர் சந்துக்குள் நுழையும்போதே பசை வாசனை வரும், அடிப்பிடித்த கஞ்சி மாதிரி. அட்டை அறுத்து அறுத்து விரல் நுனிகளெல்லாம் கீறல்.

தொழிலில் ஒரு குறையும் இல்லை. குறை, கண்ணாடி அறைக்குள் மேனேஜர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது.

அட்டையில் ஈரம் ஏறினால் நமத்துப்போகும். நமத்த அட்டையில் பின் நிற்காது, பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் கழன்று சரக்கு காலில் விழும். இதெல்லாம் உண்மை. கூரை ஒழுகுவதை அடைத்து, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே உருளைகளை நிறுத்தாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அது மேனேஜர் வேலை. மேனேஜர் என்ன செய்வாரென்றால், ஒரு அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, "ஈரம்" என்பார். அவ்வளவுதான். வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பேற்க வேண்டுமே. அதனால் கம்பெனியில் எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர், ஈரம். நெஞ்சில் ஒரு சொட்டு இல்லாத மனுஷனுக்கு இப்படி ஒரு பெயர்.

கத்துவாரோ என்றால் கத்தமாட்டார். கத்தினால் காதோடு போய்விடும். இவர், பெட்டிக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டு அனுப்புவார். போனால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நில் என்று ஒரு விரலைக் காட்டுவார். சோறு ஆறி, பசி செத்த பிறகு உள்ளே கூப்பிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, "உன்னை நம்பித்தானேய்யா இருக்கேன்" என்பார். அதுதான் அவர் ஆயுதம். திட்டினால் எதிர்த்து நாலு வார்த்தை கேட்கலாம். நம்பினால் என்ன செய்வது?

இது கம்பெனியோடு நின்றிருந்தால் எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. காலையில் ஒரு ஆளாகப் போகிற பெட்டிக்காரர் சாயங்காலம் இரண்டு ஆளாகத் திரும்பி வந்தார். அதுதான் கதை. அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். ஈரத்தையும் சேர்த்தால் நாலு. அவருக்கு என்றைக்குத் தலைவலி, என்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை, எல்லாம் அந்த வீட்டில் தெரியும். கல்லூரியில் படிக்கிற மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம், "இன்னைக்கு அவர் எப்படி?" என்பாள். அவர் என்றால் அப்பா இல்லை. அவர் நன்றாக இருந்தால்தான் அப்பா நன்றாக இருப்பார். நேற்று ஈரத்துக்கும் அவர் மாமியாருக்கும் தகராறு என்றால் இன்றைக்கு இந்த வீட்டில் டி.வி. சத்தம் குறையும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சந்து. அவர்கள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை, அவர்கள்தான் கேட்கிற மாதிரி குடியிருந்தார்கள்.

நாளாக ஆக, பெட்டிக்காரர் வீட்டிலும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். துண்டை அமுக்குவார். ரொட்டியை அமுக்குவார். சுவரை அமுக்கி முகர்ந்து பார்ப்பார். மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், "சரியா துவட்டினியா? ஈரமா இருக்கே" என்று முடியைப் பிடித்துப் பார்ப்பார். மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. சாப்பிடும்போது இடது கை போன்மேல் இருக்கும். போன் அடித்தால் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பார், எதிரே ஈரம் இருக்கிற மாதிரி. அக்கா மகன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோ அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இருபது முப்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவர் ஒருத்தர் மட்டும் குனிந்து இடுப்புக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். போன்.

இதற்கு முன்னால் அவர் அப்படி இல்லை. அவர் சிரித்தால் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து ஓடும். பல வருஷமாகப் பூனை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சங்கதி முற்றியது, ஊசியம்மா ஜன்னலைச் சாத்துவதற்குள் முந்திக்கொண்டு வந்த ஒரு மழைச் சாயங்காலம். பெட்டிக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறை ஜன்னல் கட்டையில், பிளாஸ்டிக் கவர் போட்டு போன். அது அடித்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, இடுப்பில் துண்டோடு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு கூடத்துக்கு வந்து விறைப்பாக நின்றுகொண்டு பேசினார். காலடியில் தண்ணீர் குளமாகத் தேங்கியது.

"சார். இல்ல சார். ஈரமே இல்ல சார். சத்தியமா இல்ல சார். நல்லா காஞ்சிருக்கு சார். ஒரு சொட்டு இல்ல சார்."

மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஊசியம்மா சிரித்தாள். சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு அதே மூச்சில் அழுதாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சந்துக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இவர் போனை வைத்துவிட்டு, கண்ணில் சோப்பு எரிய, "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்றார்.

"எனக்குத்தான்" என்றாள் ஊசியம்மா. "எனக்கு ஒரு புருஷன் போதும்ங்க. ரெண்டு பேருக்கு ஆக்கிப் போட என்னால முடியாது."

"ரெண்டு பேரா? என்ன உளர்ற?"

"குளிக்கிற எடத்துக்குக்கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறீங்களே, அவரைச் சொல்றேன்."

மறுநாளே தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

தம்பி வேன் ஓட்டுகிறவன். ஊரில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு அடுத்தபடி தெரிந்தவன். சரக்கு ஏற்றப் போகிற இடத்தில் எல்லாம் டீ குடித்து, எல்லாரையும் மாமா, அத்தை என்று உறவு கொண்டாடுகிற ஜாதகம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடைகளுக்குச் சின்ன அட்டைப்பெட்டி போடுகிற இடம் ஒன்று, ஒரு பெண்மணி நடத்துகிறார். அங்கே பின் அடிக்கிற ஆள் நின்றுபோய் மெஷின் சும்மா கிடக்கிறது என்று செய்தி கொண்டுவந்தான்.

"மாமா, கையோட பேசிட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை காலைல வந்து மெஷினைத் தொடணும். இல்லேன்னா வேற ஆள் போட்டுருவாங்க. அதுக்கு மேல காத்திருக்க முடியாதாம்."

"எவ்வளவு பேர் வேலை செய்றாங்க?"

"கொஞ்சப் பேர்தான். எல்லாரும் சாப்பிடுற நேரத்துல சாப்பிடுறாங்க மாமா. நான் கண்ணால பார்த்தேன்."

பெட்டிக்காரர் இதை நம்பாத மாதிரி பார்த்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றான் தம்பி. "பழைய எடத்துல சொல்லிக்காம கொள்ளாம வந்துடக்கூடாதாம். ஒரே தொழில்ல இருக்கறவங்க, நாளைக்கு ஆளை இழுத்துட்டேன்னு சண்டை வரும்னாங்க. நேர்ல போய், மரியாதையா சொல்லிட்டு வரணும்."

"அது நானே செய்வேன். சொல்லிக்காம போக நான் என்ன ஓடிப்போறவனா?"

"அப்ப சனிக்கிழமை சொல்லிடுங்க" என்றாள் ஊசியம்மா.

"சொல்லிடறேன்."

"சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடறேன்னு சொல்றேன்ல."

சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "சொல்லிட்டேன்" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். மகள் ஓடிப்போய் முட்டை வாங்கிவந்தாள். தம்பி கோழிக்கறி பொட்டலத்தோடு வந்துசேர்ந்தான். ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்கப் போன என்னையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். பெட்டிக்காரர் இரண்டு கையும் போனை மறந்து சாப்பிட்டார். அதாவது வலது கையால் சாப்பிட்டார், இடது கையால் பேசினார். ஈரம் பெருமூச்சு விடுவதை நடித்துக் காட்டினார். சிரித்தார். எங்கள் வீட்டுப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டது. பூனையாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கல்யாணக் களை. மத்தியானம் அவர் தூங்கினார். குறட்டை சந்தைத் தாண்டி வந்தது. இனிமேல் இதையும் சகித்துக்கொள்ள வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, டீ நேரத்துக்கு, தம்பியும் வந்திருந்த சமயம், போன் அடித்தது.

பெட்டிக்காரர் எழுந்து நின்றார். "சார்" என்றார். "சரிங்க சார்" என்றார். "ரெண்டு உருண்டை. சரிங்க சார்." வைத்துவிட்டார்.

ஊசியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரு?"

"ஈரம்."

"என்னவாம்?"

"நாளைக்கு வரும்போது கட்டு கட்ற சணல் கயிறு ரெண்டு உருண்டை வாங்கிட்டு வரச் சொல்றார்."

"நாளைக்கு வரும்போதா? நீங்க எதுக்கு நாளைக்கு அங்க போகணும்?"

"அதான் எனக்கும் புரியல."

"உக்காருங்க" என்றாள் ஊசியம்மா. நான் என் ஜன்னலை விட்டு அவர்கள் வாசலுக்கே போய்விட்டேன். சர்க்கரைக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. "சனிக்கிழமை என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"உள்ள போனேன்."

"போனீங்க."

"போன்ல பேசிக்கிட்டிருந்தார். விரலைக் காட்டினார். நின்னேன். பேசி முடிச்சார். 'என்ன'ன்னார். 'சார், நான் நின்னுக்கலாம்னு இருக்கேன்'னு சொன்னேன்."

"நல்லா சொல்லியிருக்கீங்க. அதுக்கு?"

"'நில்லு, உன்னை யாரு உக்காரச் சொன்னா?'ன்னார்."

மகள் பாடப்புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க, வேலையை விட்டு நிக்கிறேன்னு வெளக்கிச் சொல்லலியா?"

"வாயை எடுத்தேன். அதுக்குள்ள இன்னொரு போன். அதுல பேசிக்கிட்டே என்கிட்ட, 'வேற என்ன'ன்னார். 'ஒண்ணுமில்ல சார், உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்'னேன். 'சரி, சொல்லிட்ட இல்ல, போ'ன்னார்."

"போன்னுட்டாரே" என்றான் தம்பி. "அவர் வாயாலயே போன்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன?"

"அப்புறம்..." பெட்டிக்காரர் டம்ளரின் அடியைப் பார்த்தார். "கிளம்பறப்ப, 'அப்ப வரேன் சார்'னேன்."

"ஏங்க" என்றாள் ஊசியம்மா, மெதுவாக.

"என்ன ஏங்க? ஒரு எடத்தை விட்டுக் கிளம்பறப்ப வேற எப்படி சொல்றது? வரேன்னுதான் சொல்லணும். நம்ம வீட்ல யாராவது போறேன்னு சொல்வாங்களா?"

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'எப்ப வருவ?'ன்னார்."

"நீங்க?"

"கேட்டா பதில் சொல்லணுமில்ல."

"என்னன்னு சொன்னீங்க?"

"'திங்கக்கிழமை வரேன் சார்'னேன்."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "மாமா. நீங்க வேலையை விடல மாமா. லீவு சொல்லிட்டு வந்திருக்கீங்க. அதுவும் ஞாயித்துக்கிழமைக்கு."

நான் அடக்கிக்கொண்டேன். எனக்கும் வயசாகிறது, சில இடங்களில் அடக்கத் தெரியும். ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. விடிந்தால் திங்கள். அங்கே மருந்துப்பெட்டியம்மா ஆளுக்காகக் காத்திருப்பார். இங்கே ஈரம் கயிற்றுக்காகக் காத்திருக்கிறார். கயிறு வாங்கிக்கொண்டு போனால், அந்தக் கயிறு இவர் கழுத்துக்குத்தான்.

"போனைப் போடுங்க. இப்பவே சொல்லுங்க" என்றாள் ஊசியம்மா.

"போன்ல சொல்லக்கூடாது. நேர்ல சொல்லணும்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப காலைல நேர்ல போய், நான் போறேன்னு சொல்லிட்டு, அப்படியே தம்பி வேன்ல அங்க போயிடுங்க."

"உசுரோட இருக்கற மனுஷன் மூஞ்சியைப் பார்த்து எப்படிடி போறேன்னு சொல்றது?"

"அவருக்கு என்ன ஆயிடும்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு நாக்கு வராது."

சரி, சொல்லிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ஊசியம்மா நாற்காலியில் ஈரமாக உட்கார்ந்தாள். தம்பி கதவாக நின்றான். பெட்டிக்காரர் வந்து நின்று, "சார், நான் வ..." என்றார். திரும்பப் போனார். வந்தார். "சார், நான் போயிட்டு..." என்றார். மூன்றாவது தடவை, "போ" வரைக்கும் வந்து, இருமல் வந்துவிட்டது.

"கண்ணை மூடிக்கோங்க" என்றாள் ஊசியம்மா. அவளுக்குத் தொழில்புத்தி. "வேற பக்கம் பாருங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ம், சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டுகூட நின்றார் பாவம். வார்த்தை வரவில்லை.

"அப்பா, 'வேலையை விட்டுட்டேன்'னு சொல்லுங்கப்பா" என்றாள் மகள். "போறதும் வேண்டாம் வர்றதும் வேண்டாம். முடிஞ்ச விஷயமா சொல்லுங்க."

பெட்டிக்காரர் கண்ணைத் திறந்தார். "விட்டுட்டேன்" என்று சொல்லிப் பார்த்தார். "விட்டுட்டேன்." அது வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நடந்துகொண்டே நாலு தடவை சொன்னார்.

"அத்தோட நிறுத்திக்கணும்" என்றாள் ஊசியம்மா. "அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. கிளம்பறப்ப வாயே திறக்கக்கூடாது. நான் கூட வரேன்."

"நீ எதுக்கு? உனக்கு வேலை இல்ல?"

"ஒரு நாள் ஊர்ல எல்லாரும் ரத்தத்தை அவங்கவங்க உடம்புலயே வச்சுக்கட்டும்."

காலையில் கொட்டோ கொட்டென்று மழை. தம்பி வேனைக் கொண்டுவந்தான். கடைக்குப் போகிற வழிதானே என்று நானும் ஏறிக்கொண்டேன். கடை எதிர்த்திசையில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அந்த இடத்தைப் பற்றி அவ்வளவு கேட்டிருந்தும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய கொட்டகை. பசைக் கொப்பரையின் ஆவியும் மழைக்காற்றும் சேர்ந்து மூச்சு ஒட்டிக்கொண்டது. கூரையிலிருந்து மூன்று நாலு இடத்தில் சொட்டு விழ, கீழே வாளிகள். வாளிக்குப் பக்கத்திலேயே பேப்பர் உருளை. வரிசையாகப் பின் மெஷின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண், கால் மிதியை அமுக்க அமுக்க டக்டக்டக்கென்று பெட்டிகள். ஊசியம்மாவும் நானும் ஒரு உருளைக்குப் பின்னால் நின்றுகொண்டோம். அது எங்கள் இருவரையும் மறைத்தது என்பதிலிருந்தே அதன் பருமனைத் தெரிந்துகொள்ளலாம்.

ஈரம் கண்ணாடி அறையில் இல்லை. வெளியே நின்று ஒரு அட்டையை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் பெரிய ராட்சசனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். பார்த்தால், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்ட, பெட்டிக்காரர் தோள் உயரத்துக்குக்கூட வராத ஆள். இவரா அந்த வீட்டில் இத்தனை வருஷம் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்?

"வந்துட்டியா. கயிறு எங்க?"

"வாங்கல சார்."

"ஏன்?"

பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்தார். "வேலையை விட்டுட்டேன் சார்."

கிட்டே இருந்த மெஷின் ஒன்று நின்றது.

"எப்ப?"

"சனிக்கிழமை சார்."

"என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்டதான் சார் சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

இன்னும் இரண்டு மெஷின் நின்றது. ஈரம் சுற்றிப் பார்த்தார். மெஷின்கள் மறுபடி ஓடின, காதுக்குத் தொந்தரவு இல்லாத வேகத்தில். அவர் கையிலிருந்த அட்டையை இவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் பாரு. ஈரம்."

பெட்டிக்காரர் அட்டையைப் பார்த்தார். அமுக்கிப் பார்க்கக் கட்டைவிரல் தானாக எழுந்தது, பாதியில் இறங்கியது. கூரையைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார். "மழை பெய்யுது."

ஊசியம்மா என் கையைப் பிடித்தாள். ரத்தம் எடுக்கிற பிடி.

ஈரம் அட்டையை வைத்தார். நான் கேள்விப்பட்டிருந்த அந்தப் பெருமூச்சை விட்டார். நல்ல பெருமூச்சுதான், சும்மா சொல்லக்கூடாது. கேட்டபோது எனக்கே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"உன்னை நம்பித்தானேய்யா இருக்கேன்."

அதற்கு அவர்கள் வீட்டில் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தப்பு, அது ஊசியம்மாவின் கை.

"நம்பாதீங்க சார்" என்றார் பெட்டிக்காரர்.

கோபமாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் ஏறப்போகிற ஒருத்தரிடம், இது அங்கே போகாதுங்க என்று சொல்கிற மாதிரி, அவர் நல்லதுக்குச் சொன்னார்.

யாரும் இதுவரை ஈரத்திடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. அட்டையை மறுபடி எடுத்தார், வைத்தார், "நாளைக்கு நீயே வந்து நிப்ப" என்றார். சொன்னவருக்கே அதில் பிடிப்பு இல்லை.

இப்போதுதான் கண்டம். பெட்டிக்காரர் கைகூப்பினார். அந்த மனுஷன் எத்தனை செய்திருந்தாலும், ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது வாயை மூடிக்கொண்டு கிளம்பிப் பழக்கமில்லை அவருக்கு. மேல்பல் கீழுதட்டில் போய் உட்கார்ந்தது. "வ" வந்துவிட்டது, நான் பார்த்தேன்.

"என்னங்க" என்று உருளைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நேரமாச்சு."

பெட்டிக்காரர் பல்லை எடுத்தார். திரும்பினார். நடந்தார்.

வாசல்வரைக்கும் வருகிற வழியில் பின் மெஷின் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கினார்கள்.

"அண்ணே, போயிட்டு வாங்க."

"வரேம்மா."

"அண்ணே, வீட்டுக்கு ஒரு நாள் வாங்க."

"வரேம்மா. கட்டாயம் வரேன்."

"அண்ணி, அண்ணனைப் பார்த்துக்கோங்க" என்றாள் கடைசி மெஷின்காரி. உருளை எங்களை மறைக்கவே இல்லை போலிருக்கிறது.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் பெட்டிக்காரர் தானாகவே கையை நீட்டினார். ஊசியம்மா மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னலைப் பார்த்தபடி நாடி எண்ணினாள்.

"எப்படி இருக்கு அக்கா?" என்றான் தம்பி, வண்டியை எடுத்துக்கொண்டே.

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

"நான் சொன்னது சரிதானே?" என்றார் பெட்டிக்காரர். "மரியாதைக் குறைவா ஏதும் சொல்லிடலியே?"

"இல்லீங்க."

"நம்பாதீங்கன்னது?"

"அதுதாங்க ரொம்ப மரியாதை."

கொஞ்ச தூரம் வைப்பர் போய் வந்து போய் வந்து கொண்டிருந்தது. அப்புறம் அவர் மழையைப் பார்த்தார். ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி, ரயில் பாதை வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மருந்துப்பெட்டியம்மா வாசலிலேயே நின்றிருந்தார், குடையோடு. மூக்குக்கண்ணாடியில் தெறித்த மழையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டு வந்தீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேன்மா" என்றார் பெட்டிக்காரர். "ரெண்டு தடவை."

"சாப்டாச்சா?"

அவர் பதில் சொல்லத் தெரியாமல் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது கம்பெனியில் கேட்கிற கேள்வியா என்று அவருக்குச் சந்தேகம்.

எனக்கு அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. புது இடம், புது முதலாளி, அதுவும் பெண். விஷயம் இல்லாமல் இருக்குமா? சாயங்காலம் அவர் சந்துக்குள் நுழைந்ததும், கை கால் கழுவ ஒரு அவகாசம் விட்டு, சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல்நாள் பரபரப்பில் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.

உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் போன் அடித்தது. எழுந்து நின்றார். மச்சான்தான். "வீட்டுக்கு வந்துட்டேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊசியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். வருஷக்கணக்காக நின்ற கால், ஒரு நாளில் உட்காருமா?

"புது எடம் எப்படி?" என்றேன்.

"நல்லாருக்குக்கா."

"மெஷினெல்லாம்?"

"ஓடுது."

"கூரை?"

"இருக்கு."

இந்த மனுஷனிடமிருந்து ஒரு காலத்தில் ஈரத்தின் மாமியார் மூட்டுவலி வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பின் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"அந்தம்மா எப்படி? கோவக்காரங்களா? இன்னைக்கு ஏதாவது சொன்னாங்களா?"

பெட்டிக்காரர் வறுவலைத் தேடிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். புருவத்தைச் சுருக்கினார்.

"எந்தம்மா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை போல, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.